உங்கள் தசைகள் எப்படி வேலை செய்கின்றன? பலம் குறைந்தால் என்ன செய்ய வேண்டும்?

போனை ஒரு நிமிடம் மேசை மேல் வையுங்கள். இடது கையால் வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலது கை விரல்களை ஆர்மோனியம் வாசிப்பது போல ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். அசைவது விரல்தான். ஆனால் உங்கள் பிடிக்குள்ளே, முழங்கைப் பக்கம், ஏதோ நெளிவது தெரிகிறதா?

அதுதான் தசை. விரல்களை மடக்கி நீட்டும் தசைகள் விரலுக்குள் இல்லை. பெரும்பாலானவை முன்கையிலும், சில உள்ளங்கையிலும் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு போன்ற தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரல் எலும்புகள் வரை போகின்றன. பொம்மலாட்டத்தில் மேலே நூலை இழுத்தால் கீழே பொம்மை கையாட்டும் இல்லையா? கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். மணிக்கணக்கில் போனைத் தள்ளிக்கொண்டே இருந்தால் விரலோடு சேர்ந்து முன்கையும் வலிப்பது இதனால்தான்.

நம் உடலில் இப்படி 600-க்கும் மேற்பட்ட தசைகள் இருக்கின்றன. உடல் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு எலும்போடு ஒட்டிய தசைதான். இவை எப்படி வேலை செய்கின்றன, எதனால் பலம் இழக்கின்றன, எந்த பலக்குறைவுக்கு உடற்பயிற்சி போதும், எதற்கு உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம் வாங்க.

இழுக்க மட்டும்தான் தெரியும்

தசையைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: தசைக்கு இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது. சுருங்கும்போது எலும்பைத் தன் பக்கம் இழுக்கும். தானாக நீண்டு எலும்பைத் தள்ளிவிட அதனால் முடியாது.

அப்படியானால் மடக்கிய கையை நீட்டுவது எப்படி? அதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தசை இருக்கிறது. ஜிம்முக்குப் போகிறவர்கள் மடக்கிக் காட்டுவார்களே, அந்த ‘பைசெப்ஸ்’ மேற்கையின் முன்பக்கத் தசை. அது சுருங்கினால் கை மடங்கும். பின்பக்கத்தில் உள்ள ‘டிரைசெப்ஸ்’ சுருங்கினால் கை நீளும். ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்க வேண்டும். நிற்பது, நடப்பது, பேருந்துப் படியில் ஏறுவது என எல்லாமே இப்படிப்பட்ட ஜோடிகளின் வேலைதான்.

மூன்று வகைத் தசைகள்

• எலும்புத்தசை: நாம் நினைத்தபோது அசைக்கக்கூடியது. கை, கால், முதுகு, முகம், நாக்கு எல்லாம் இதில் வரும்.

• மென்தசை: இரைப்பை, குடல், இரத்தக்குழாய், கருப்பை போன்றவற்றின் சுவர்களில் இருக்கிறது. நாம் சொல்லாமலே வேலை செய்யும். சாப்பிட்ட இட்லியை உணவுக்குழாயில் படிப்படியாக இறக்குவது இதுதான். குளிரில் மயிர்க்கூச்செறிவதும், ரோமத்தின் அடியில் உள்ள மிகச் சிறிய மென்தசைகள் இழுப்பதால்தான்.

• இதயத்தசை: இதயத்தில் மட்டுமே இருக்கிறது. நிமிடத்துக்கு 72 முறை என்று கணக்கு வைத்தால், ஒரு நாளில் ஒரு லட்சம் முறைக்கு மேல் சுருங்கி விரிகிறது. இதற்கு லீவு கிடையாது.

மூச்சு விடும் தசை கொஞ்சம் விசேஷம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை போல விரிந்திருக்கும் உதரவிதானம் ஓர் எலும்புத்தசைதான். கொஞ்ச நேரம் மூச்சை அடக்க நம்மால் முடியும். ஆனால் தூங்கும்போதும் மூளை அதற்குக் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தக் கட்டளை நின்றால் என்ன ஆகும் என்று பின்னால் பார்ப்போம்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு தசையைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் தலைமுடி போல மெல்லிய தசையிழைகள் கட்டுக்கட்டாக இருக்கும். ஒவ்வோர் இழைக்குள்ளும் இரண்டு வகைப் புரத நூல்கள் அடுக்கடுக்காக உள்ளன. தடித்த நூல் மயோசின், மெல்லிய நூல் ஆக்டின்.

கிணற்றில் தண்ணீர் சேந்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை கயிற்றைப் பிடித்து இழுக்கும், அடுத்த கை மேலே போய்ப் பிடிக்கும், முதல் கை விடும். மயோசின் நூலில் இப்படிப்பட்ட குட்டிக் கைகள் நூற்றுக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை ஆக்டினைப் பிடித்து, இழுத்து, விட்டு, மறுபடி பிடிக்கின்றன. நூல்கள் சுருங்குவதில்லை. ஒன்றின் மேல் ஒன்று நழுவுகின்றன, அதனால் மொத்தத் தசையும் குறுகுகிறது. இந்த விளக்கத்தை இரண்டு ஆய்வுக் குழுக்கள் 1954-ல் ‘நேச்சர்’ இதழில் தனித்தனியாக வெளியிட்டன.

இதில் ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு இழுப்பதற்கு மட்டுமல்ல, பிடித்த பிடியை விடுவதற்கும் வேண்டும். இறந்தவர் உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவது ஏன் என்று இப்போது புரியும். ஏடிபி தீர்ந்துவிடுகிறது, பிடித்த கைகள் பிடித்தபடியே நின்றுவிடுகின்றன.

சரி, எப்போது இழுக்க வேண்டும் என்று தசைக்கு யார் சொல்வது? மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக நரம்பில் ஒரு மின்குறிப்பு வருகிறது. நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்து தசையைத் தொடுகிறது. உடனே தசையிழைக்குள் கால்சியம் வெளிப்படுகிறது, இழுப்பு தொடங்குகிறது. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஆக, தசைக்கு மூன்று விஷயம் வேண்டும்: நரம்பிலிருந்து கட்டளை, உணவிலிருந்து எரிபொருள், தினமும் செய்ய வேலை. உடம்பில் பலம் குறைகிறது என்றால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று குறைகிறது. எது குறைகிறது என்பதைப் பொறுத்துத்தான் நாம் போக வேண்டிய இடமும் மாறும்.

1. கட்டளை நின்றால்: அவசரம்

கட்டளை நிற்கும்போது தசை நன்றாகவே இருக்கும், ஆனால் அசையாது. பல நேரம் வலி கூட இருக்காது. அதனால் வீட்டில் “கொஞ்சம் படுத்து எழுந்தா சரியாயிடும்” என்று விட்டுவிடுகிறார்கள். ஆபத்தே இங்கேதான். கீழே உள்ள மூன்று நிலைகளிலும் காத்திருக்கக் கூடாது.

பக்கவாதம்: மூளைக்கு இரத்தம் போவது தடைபடுகிறது. திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் தளர்தல், பேச்சு குழறுதல் இதன் அறிகுறிகள். சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். ஒன்று தவறினாலும் 108-ஐ அழையுங்கள். அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அதனால் அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பாம்புக்கடி: நல்லபாம்பு, கட்டுவிரியன் ஆகியவற்றின் விஷம் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத்தான் தாக்குகிறது. முதலில் கண் இமை தொங்கும், பிறகு பேசவும் விழுங்கவும் சிரமம் வரும், கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும்போது பெரிய வலியோ வீக்கமோ இல்லாமலும் போகலாம். கடித்த இடத்தைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்டவரை நடக்கவும் விடாதீர்கள். தசை அசைய அசைய விஷம் வேகமாகப் பரவும். எலும்பு முறிந்த காலுக்குச் செய்வது போலக் கட்டை வைத்து அசையாமல் பார்த்துக்கொண்டு, விஷமுறிவு ஊசி உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

குழந்தைக்குத் திடீர்த் தளர்ச்சி: 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கையோ காலோ திடீரென்று துவண்டுபோனால் உடனே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். போலியோ வைரஸ் தண்டுவட நரம்புச் செல்களை அழிப்பதால்தான் கால் சூம்பிப்போகிறது. இந்தியாவில் இயற்கைப் போலியோ கடைசியாக 2011 ஜனவரியில் பதிவானது. 2014 மார்ச்சில் நம் நாடு போலியோ இல்லாத பகுதியாகச் சான்று பெற்றது. அந்த நிலையைக் காப்பாற்றத்தான் இப்படித் தளர்ச்சி வரும் ஒவ்வொரு குழந்தையின் மலமாதிரியையும் இன்றும் பரிசோதிக்கிறார்கள்.

2. எரிபொருள் குறைந்தால்: தட்டைப் பாருங்கள்

தசையில் எப்போதும் கையிருப்பாக இருக்கும் ஏடிபி சில நொடிகளுக்குத்தான் வரும். அதன் பிறகு தசை, தான் சேர்த்துவைத்த சர்க்கரையை எரிக்கிறது. வேலை நீண்டால் ஆக்சிஜன் உதவியோடு சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்கிறது. பேருந்தைப் பிடிக்க ஓடினால் மூச்சு வாங்குவது ஏன் என்று தெரிகிறதா? தசை ஆக்சிஜன் கேட்கிறது, நுரையீரலும் இதயமும் ஓடி ஓடிக் கொடுக்கின்றன.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் கவனியுங்கள். உடல் சேமிக்கும் சர்க்கரையில் பெரும்பகுதி தசையில்தான் தங்குகிறது. வேலை செய்யும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும். சாப்பிட்ட பின் கொஞ்ச நேரம் நடக்கச் சொல்வதன் காரணம் இதுதான். இன்சுலின் ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் சர்க்கரை அளவு அதிகமாகத் தாழ்ந்துவிடாமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எரிபொருள் ஒரு பக்கம் என்றால், தசையைக் கட்டப் புரதம் வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 60 கிலோ உள்ளவருக்குச் சுமார் 50 கிராம். இதற்கு விலை உயர்ந்த டப்பா தேவையில்லை:

• ஒரு முட்டை: சுமார் 6 கிராம்
• ஒரு டம்ளர் பால், அதாவது 200 மில்லி: சுமார் 6 கிராம்
• ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அதாவது 30 கிராம்: சுமார் 7 கிராம்
• 50 கிராம் துவரம்பருப்பு: சுமார் 11 கிராம்

அரிசியிலிருந்தும் கொஞ்சம் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், பல வீடுகளில் சாதம் மலை போலவும் பருப்பு கண்ணில் படாத அளவிலும் இருக்கிறது. சாம்பாரில் காயை மட்டும் பொறுக்காமல் பருப்பு அடர்த்தியாக இருக்கிறதா என்று பாருங்கள். சிறப்பு பொது விநியோகத் திட்டத்தில் நியாயவிலைக் கடைகளில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டில் உள்ள பெரியவர்களின் தட்டிலும் அது விழட்டும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் புரத அளவை மருத்துவர் சொன்னபடிதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

3. வேலை இல்லாவிட்டால்: மெல்ல மெல்லக் கரையும்

எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டவரைப் பார்த்திருப்பீர்கள். கட்டைப் பிரித்ததும் ஒரு கால் மெலிந்து கிடக்கும். தசை அப்படித்தான், வேலை கொடுக்காவிட்டால் உடல் அதைக் குறைத்துக்கொள்ளும். 30 வயதைத் தாண்டிய பிறகு பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது என்பது பொதுவான கணக்கு. 60-க்கு மேல் இன்னும் வேகம். தாத்தா பாட்டி அடிக்கடி தடுக்கி விழுவதற்கும், விழுந்தவர் எழ முடியாமல் போவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

“வயசாச்சு, இனி என்ன செய்ய முடியும்?” என்று கேட்கிறீர்களா? 1990-ல் அமெரிக்காவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில், 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் வலுப்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது, நடையும் மேம்பட்டது. 90 வயதுத் தசையும் வேலை கொடுத்தால் பதில் சொல்கிறது.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது: வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சி. நடைப்பயிற்சி செய்கிறவர்கள் பலர் இரண்டாவதை விட்டுவிடுகிறோம். வீட்டிலேயே இதைத் தொடங்கலாம்:

• நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுதல், 10 முறை
• சுவரைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குதல், 10 முறை
• சுவரில் கை வைத்துத் தண்டால், 10 முறை
• மேசையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்றல், காலுக்கு 10 நொடி

உங்களைச் சோதித்துக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். போனில் நேரம் பாருங்கள். ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019-ல் வகுத்த அளவுகோலின்படி 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். அடுத்து, தையல் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த இடத்தை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். தள்ளாடுகிறவர்கள் தனியாகச் சோதிக்க வேண்டாம், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

நடக்க இடம் தேடுகிறவர்களுக்கு: ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை 2023 நவம்பர் முதல் அடையாளப்படுத்தப்பட்டுள்ளது. படுக்கையோடு இருப்பவர்களுக்கு: 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விவரம் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தசையிலேயே கோளாறு இருந்தால்

சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே தசைப் புரதம் உருவாவதில் குறை இருக்கும். இது தசைச்சிதைவு நோய். இதில் டுஷேன் என்ற வகை பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வருகிறது. நடக்கத் தாமதம், அடிக்கடி விழுதல், படி ஏறச் சிரமம், தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி ஊன்றி எழுதல் ஆகியவை அறிகுறிகள். கெண்டைக்கால் பருத்துத் தெரியும். “பையன் நல்லா திடமா இருக்கான்” என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் சோம்பேறி என்று திட்டாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு இரத்தப் பரிசோதனையே முதல் தடயத்தைத் தந்துவிடும். முழுமையாகக் குணமாக்க இயலாவிட்டாலும், மருந்தும் இயன்முறை சிகிச்சையும் நடக்கும் காலத்தை நீட்டிக்க உதவும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகை மாற்றுத்திறன்களில் தசைச்சிதைவும் ஒன்று. எனவே தனித்துவ அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை, சக்கர நாற்காலி போன்றவற்றுக்கு உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

இதயத்தசைக்கு வரும் ஆபத்து வேறு. அதற்கு இரத்தம் கொடுக்கும் குழாய் அடைத்தால், தசை கொஞ்சம் கொஞ்சமாக இறக்கத் தொடங்கும். இறந்த இதயத்தசை மறுபடி வளர்வதில்லை என்றே சொல்லலாம். நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை வந்தால் “வாயுவா இருக்கும்” என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-ஐ அழையுங்கள். ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் முதல் தவணை மாத்திரைகள் வைக்கப்பட்டுள்ளன.

உங்கள் சந்தேகங்கள்

உடற்பயிற்சி செய்த மறுநாள் வலிக்கிறதே, நல்லதா கெட்டதா?
பழக்கமில்லாத வேலை செய்யும்போது தசையிழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதனால் ஒன்று முதல் மூன்று நாள் வலிக்கும், தானாகச் சரியாகும். லாக்டிக் அமிலம் தேங்குவதால் வரும் வலி அல்ல இது. அந்த அமிலம் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே வெளியேறிவிடும்.

இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. என்ன செய்வது?
முட்டியை மடக்காமல் கால்விரல்களை முகத்தை நோக்கி இழுத்துப் பிடியுங்கள், மெல்ல விடும். அடிக்கடி வந்தால், குறிப்பாக ஏதாவது மாத்திரை எடுப்பவராக இருந்தால், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறேன். கடைசி மாதம் முழுமூச்சாக ஓடினால் போதுமா?
போதாது. தசை தன்னை வலுவாக்கிக்கொள்வது ஓய்வு நேரத்தில்தான். 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடப் பல மாதம் படிப்படியாகப் பயிற்சி வேண்டும். வெயிலில் அளவுக்கு மீறிப் பயிற்சி செய்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று அர்த்தம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஜிம்மில் “சீக்கிரம் உடம்பு ஏறும்” என்று ஊசி போடச் சொல்கிறார்களே?
வேண்டாம். மருத்துவர் சீட்டு இல்லாமல் எடுக்கும் ஸ்டீராய்டு இதயம், கல்லீரல், ஆண்மை மூன்றையும் கெடுக்கும்.

நினைவில் வைக்க

• திடீரென்று வந்த தளர்ச்சி, நெஞ்சுவலி, பாம்புக்கடி: 108
• மருத்துவ ஆலோசனை, சந்தேகம்: 104
• படுக்கையில் இருப்பவருக்கு இயன்முறை சிகிச்சை: அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம்
• தசைச்சிதைவு உள்ளவருக்கு உதவி: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்

இந்த நான்கு வரிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இன்று மாலை அந்த நாற்காலிச் சோதனையைச் சேர்ந்து செய்து பாருங்கள்.